கொழும்புல பொழுதுபோக்குக்குப் போட்டோ எடுக்க எந்தக் கமரா? பழைய டிஎஸ்எல்ஆரா, புது மிரர்லெஸ்ஸா, இல்ல கையில இருக்கிற போனே காணுமா?

முதல்லயே சொல்லிப்போடுறன், இது கலியாண வீடு எடுத்து உழைக்கிற ஆக்களுக்கான கதை இல்ல. கிழமை நாளில வேலை, சனி ஞாயிறு எண்டா கமராவைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைப் பக்கமோ காலிமுகத்திடல் பக்கமோ ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாற ஆக்கள், வீட்டில பிள்ளையள், கோயில் திருவிழா, எப்பவாச்சும் நுவரெலியா திருகோணமலை எண்டு வெளிக்கிட்டா அங்க நாலு படம், இப்படி எடுக்கிற ஆக்களுக்கு. அப்பிடி ஒராளுக்கு இப்ப முன்னால இருக்கிற வழி எண்டு பாத்தா நாலைஞ்சுதான். போனோடயே இருக்கிறது, பாவிச்ச டிஎஸ்எல்ஆர் (உள்ளுக்க ஒரு கண்ணாடி வச்சுப் படத்தைக் காட்டுற பழைய மாதிரிக் கமரா) வாங்கிறது, புது மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது) வாங்கிறது, பழைய மிரர்லெஸ் தேடிப் பிடிக்கிறது, இல்லாட்டி லென்ஸ் கழட்ட ஏலாத சின்னக் கமரா ஒண்டு. பிலிம் எண்டும் ஒரு பைத்தியம் இருக்கு, அதைப் பிறகு சொல்லுறன்.

இங்கத்த விலை நான் இதில எழுதேல்ல. 2022ல டொலர் 200 சொச்சத்தில இருந்து 360 மட்டும் ஏறினதோட புதுச் சாமான் விலையெல்லாம் எங்கயோ போட்டுது, 2024 ஜனவரியில இருந்து வட் வரியும் 18 வீதம், இண்டைக்கு நான் ஒரு விலை எழுதினா அடுத்த மாசம் அது பிழைச்சுப்போம். ஒண்டோட ஒண்டை வச்சுப் பாத்துத்தான் சொல்லப்போறன். என்ட கட்சி என்னெண்டா கமராப் பொடியை (லென்ஸ் இல்லாத வெறும் கமரா உடம்பை) பாத்து முடிவெடுக்கக் கூடாது, லென்ஸைப் பாத்து எடுக்கோணும், அதிலயும் பாவிச்ச லென்ஸ் கொழும்புல போய்ப் பாத்து, கையில பிடிச்சு, மாட்டிப் பாத்து வாங்கக்கூடியமாதிரிக் கிடைக்குதா எண்டதைப் பாத்து எடுக்கோணும். யூடியூப்பில அமெரிக்காக்காரன் சொல்லுறதெல்லாம் அங்க சரி, அவனுக்கு எந்த லென்ஸ் வேணுமெண்டாலும் ரெண்டு நாளில வீட்டு வாசலுக்கு வரும்.

ஏன் லென்ஸ் எண்டு சொல்லுறன் எண்டா எங்கட ஊர் வெளிச்சம் அப்பிடி. நாங்கள் பூமத்திய ரேகையில இருந்து ஏழு பாகை தூரத்தில இருக்கிறம், ஏப்ரல் தொடக்கத்திலயும் செப்டெம்பர் தொடக்கத்திலயும் மத்தியானத்தில சூரியன் நேர உச்சியில வரும், மற்ற மாசங்களிலயும் பத்து மணிக்குப் பிறகு வெயில் மேல இருந்து குத்தும், ஆக்கள்ட கண்ணுக்குள்ள கறுப்பாக் குழி விழும். வடிவான வெளிச்சம் எண்டது விடியவும் பின்னேரமும்தான், அதுவும் சூரியன் நேராக் கீழ விழுறபடியால ஐரோப்பாக்காரர் சொல்லுற மாதிரி மணித்தியாலக் கணக்கில நிக்காது, காலிமுகத்திடலில சூரியன் கடலுக்க போய் இருபது நிமிசத்தில இருட்டுப் பிடிச்சிடும். பிறகு எங்கட ஆக்கள் எடுக்க ஆசைப்படுற இடங்களைப் பாருங்கோ: கோயில் உள்வீதி, தீபாராதனை, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள்ல கடை வாசல் நிழல், இரவில கொத்துக் கடை, ஆடி மாசம் செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வாற நேரம். எல்லாம் இருட்டு.

கமராவோட சும்மா வாற 18-55 கிட் லென்ஸை இழுத்து 55ல வச்சா அபர்ச்சர், அதாவது வெளிச்சம் உள்ள வாற ஓட்டை, 5.6க்கு மேல திறக்காது (இந்த நம்பர் குறையக் குறைய ஓட்டை பெரிசு). 1.8 திறக்கிற ஒரு பிரைம் லென்ஸ் (சூம் இல்லாத லென்ஸ்) அதைப்போல ஒம்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ள விடும். அதாவது கிட் லென்ஸோட ஐஎஸ்ஓ (இருட்டில கூட்டுற சென்சர் உணர்திறன்) 6400ல நிண்டு மணல் கொட்டின மாதிரி வாற படம், பிரைமோட 640, 800ல சுத்தமா வரும். இந்த வித்தியாசத்தை எந்தப் புதுப் பொடியும் தராது. பத்து வருசப் பழைய கமராவில நல்ல பிரைம் போட்டவன், இந்த வருசக் கமராவில கிட் லென்ஸ் போட்டவனைக் கோயிலுக்குள்ள லேசா வெண்டிடுவான்.

சரி, போன். போன் காணாதெண்டு சொல்லுறவன் பொய் சொல்லுறான். பகல் வெளிச்சத்தில, போன்லயே பாக்கப்போற படத்துக்கு, நல்ல போன் ஒண்டு எடுக்கிறதுக்கும் கமரா எடுக்கிறதுக்கும் பெரிய வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியாது, சிலவேளை போன்தான் வடிவா இருக்கும், ஏனெண்டா அது நாலைஞ்சு படத்தை ஒண்டா அடுக்கி வானத்தையும் நிழலையும் தானே சமப்படுத்திப்போடும். விலை கூடின போன்களுக்குள்ள இருக்கிற பெரிய சென்சரோட பாத்தாலும் ஏபிஎஸ்-சி சென்சர்ட (இங்க சொல்லப்போற கமராக்கள்ல கனக்க இருக்கிற அளவு) பரப்பு மூண்டில இருந்து அஞ்சு மடங்கு மட்டும் வரும், ஆனா அந்த வித்தியாசம் தெரியிறது இருட்டிலயும், ஓடுற பிள்ளையிலயும், தூரத்தில நிக்கிற கொக்கிலயும்தான். உங்களுக்கு எடுக்கேக்க சந்தோசமா, இல்ல எடுத்த படத்தைப் போடேக்க சந்தோசமா எண்டு யோசிச்சுப் பாருங்கோ. போடுறதில மட்டும்தான் சந்தோசம் எண்டா கமரா வாங்காதேங்கோ, உண்மையாத்தான், அது மூண்டு மாசத்தில அலுமாரிக்குள்ள போயிடும்.

இப்ப கொழும்பில ஆகக் கூடப் பேர் யோசிக்கிற போட்டி: பாவிச்ச கெனன் 200டியா, புது கெனன் ஆர்50ஆ.

200டி 2017ல வந்தது, 24 மெகாபிக்ஸல், பற்றரியோட சேத்து 453 கிராம், டிஎஸ்எல்ஆருக்கு அது சின்னன்தான். ஆர்50 2023ல வந்த மிரர்லெஸ், அதுவும் 24 மெகாபிக்ஸல், 375 கிராம். படத்தின்ட தரம் எண்டு பாத்தா ரெண்டுக்கும் இடையில ஒரு ஆறு வருசம் இருக்கெண்டு ஆரும் கண்டுபிடிக்கப்போறதில்ல. வித்தியாசம் ஃபோகஸில. 200டியில கண்ணை வச்சுப் பாக்கிற வியூஃபைண்டருக்குள்ள மொத்தமா ஒம்பது ஃபோகஸ் பொயிண்ட்தான், நடுவில இருக்கிறது ஒண்டுதான் நம்பிப் பாவிக்கக்கூடியது. ஆனா அதில ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது, ஸ்கிரீனைத் திறந்து லைவ் வியூவில எடுத்தா டுவல் பிக்ஸல் எண்ட வேற முறை வேலை செய்யும், முகத்தைத் தேடிப் பிடிக்கும், தொட்ட இடத்தில ஃபோகஸ் வரும், அந்தமாதிரி இருக்கும். 2019ல வந்த 200டி மார்க் 2 கிடைச்சா கண்ணையே பிடிக்கும். ஆர்50 அதுக்கும் மேல, ஆள், நாய் பூனை, குருவி, வாகனம் எல்லாத்தையும் தானே தேடிப் பிடிச்சுக்கொண்டு ஓடும், ரெண்டு வயசுப் பிள்ளை வீட்டில இருக்கிற ஆளுக்கு இது சும்மா விசயம் இல்ல. வீடியோ எண்டா கதையே இல்ல, 200டியில 4கே இல்ல, ஆர்50ல இருக்கு, அதுவும் ஓரம் வெட்டுப்படாமல்.

அப்ப ஆர்50 தானே எண்டு நினைப்பீங்கள். இப்பதான் லென்ஸ் கதை வருது. ஆர்50 கிட் புதுசா வாங்கிற காசுக்கு பாவிச்ச 200டி ஒண்டும் ரெண்டு பிரைம் லென்ஸும் வாங்கலாம், சிலநேரம் ட்ரை பொக்ஸுக்கும் (ஈரம் படாமல் கமரா வைக்கிற பெட்டி) மிஞ்சும். ஆர்50ஓட வாற 18-45 லென்ஸ் இழுத்தா 6.3, அதாவது பழைய கிட் லென்ஸை விடவும் இருட்டு. அதுக்கு வேற லென்ஸ் எண்டு போனா ஆர்50ன்ட ஆர்எஃப் மவுண்டுக்கு (மவுண்ட் எண்டா லென்ஸ் பூட்டுற வாய்) லென்ஸ் இங்க பாவிச்சதாக் கிடைக்கிறது குறைவு, சிக்மா, டம்ரொன் மாதிரி வெளிக் கொம்பனிகளும் 2024லதான் ஆர்எஃப் ஏபிஎஸ்-சிக்கு லென்ஸ் விடத் தொடங்கினவை. கெனன்ட பழைய இஎஃப் மவுண்ட் அப்பிடி இல்ல, 1987ல இருந்து இருக்கு, இந்த நாட்டில கலியாணப் படம் எடுக்கிற ஆக்கள் பாதிப்பேர் அதைத்தான் இவ்வளவு காலமும் வச்சிருந்தவை, இப்ப அவை மிரர்லெஸ்ஸுக்கு மாற மாற அந்த லென்ஸெல்லாம் சந்தைக்கு வருது, இக்மன் விளம்பரத் தளத்தில பாருங்கோ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில பாருங்கோ, ஒவ்வொரு கிழமையும் ஏதாவது நிக்கும்.

எந்தப் பிரைம் எண்டு கேட்டா எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 50 எம்எம் 1.8 எண்டு சொல்லுவினம். நல்ல லென்ஸ்தான், மலிவு, பின்னால மங்கிப்போய் அழகா வரும். ஆனா ஏபிஎஸ்-சி கெனன்ல சென்சர் சின்னன் எண்டபடியால 1.6ஆல பெருக்கோணும், 80 எம்எம் ஆகிடும், இந்த எம்எம் கூடக் கூடப் படத்துக்குள்ள வாற இடம் குறையும். வெள்ளவத்தை ஃபிளட் ஒண்டின்ட ஹோலுக்க நிண்டு 80ல எடுத்துப் பாருங்கோ, முதுகு சுவரில முட்டும், பிள்ளைன்ட முகம் மட்டும்தான் படத்தில நிக்கும். அதால நான் சொல்லுறது முதல்ல இஎஃப்-எஸ் 24 எம்எம் 2.8. மெல்லிசான லென்ஸ், 125 கிராம், கணக்குப் பாத்தா 38 எம்எம், எங்கட கண் சாதாரணமாப் பாக்கிறதுக்குக் கிட்ட, 200டியில போட்டா கைப்பைக்குள்ளயும் போகும். 50 ரெண்டாவதா வரட்டும். இன்னொண்டு, இந்த இஎஃப் லென்ஸ் எல்லாம் பிறகு நீங்கள் ஆர்50க்கோ ஆர்10க்கோ மாறினாலும் கெனன்ட அடப்டர் ஒண்டைப் போட்டா ஓட்டோஃபோகஸோடயே வேலை செய்யும், 200டின்ட பற்றரி கூட ஆர்50க்கு அதேதான். ஆக இண்டைக்கு 200டி வாங்கிறவன் நாளைக்கு ஆர்50 வாங்கிறதுக்குப் பாதி வேலையை முடிச்சிட்டான்.

நிக்கொன் ஆக்கள் கோவிக்காதேங்கோ, டி3500ம் நல்ல கமரா, ஒருக்கா சார்ஜ் போட்டா 1550 படம் எண்டு கொம்பனியே சொல்லுது, 35 எம்எம் 1.8 டிஎக்ஸ் லென்ஸோட அது போதும் போதும் எண்டிருக்கும். ஒண்டே ஒண்டு கவனம்: டி3000, டி5000 வரிசைப் பொடிகளுக்குள்ள ஃபோகஸ் மோட்டர் இல்ல, ஏஎஃப்-டி எண்டு போட்ட பழைய லென்ஸ் மலிவாக் கிடைக்குதெண்டு வாங்கினா கையாலதான் திருப்போணும். டி7000 வரிசையெண்டா பிரச்சினை இல்ல.

இனிப் பழைய மிரர்லெஸ். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், அதால கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், சொல்லிப்போட்டன்.

புறக்கோட்டையில சிவப்புப் பள்ளிக்கு முன்னால நிண்டு பெரிய டிஎஸ்எல்ஆரைத் தூக்கினீங்கள் எண்டா மூட்டை தூக்கிற நாட்டாமைமார் சிரிப்பினம், சிலபேர் விலகுவினம், ஓட்டோக்காரன் போஸ் குடுப்பான், ஏதோ டிவியில இருந்து வந்த ஆளோ எண்டு கடைக்காரர் கேப்பார். சின்னக் கமராவோட நிண்டா உங்களை ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம். கோட்டைப் பக்கம் துறைமுகம், படை ஆக்கள் நிக்கிற இடம் எண்டு எடுக்கக் கூடாத இடங்கள் நிறைய, அங்க எந்தக் கமராவையும் பைக்குள்ள வைக்கிறதுதான் புத்தி, ஆனா மற்ற இடங்களிலயும் பெரிய கறுப்புக் கமரா ஒண்டு கழுத்தில தொங்கினா கேள்வி கூட வரும், எங்கட பேரோட அடையாள அட்டையை நீட்டேக்க அது இன்னும் கூட எண்டு தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். இதெல்லாம் ஒரு ரிவியூவிலயும் வராது, ஆனா கமராவை வெளிய எடுப்பீங்களா மாட்டீங்களா எண்டதை இதுதான் முடிவு பண்ணும்.

சோனி ஏ6000 2014ல வந்தது, 344 கிராம், 24 மெகாபிக்ஸல், ஃபோகஸ் இண்டைக்கும் வேகம். டச் ஸ்கிரீன் இல்ல, 4கே இல்ல, மெனு எண்டா தலை சுத்தும், பற்றரி சின்னன், ரெண்டு மேலதிகமா வச்சிருக்கோணும். ஆனா ஈ மவுண்டுக்கு வெளிக் கொம்பனி லென்ஸ் எக்கச்சக்கம், சிக்மா 30 எம்எம் 1.4 எண்ட ஒண்டைப் போட்டுக்கொண்டு இரவில கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்தா அந்த ரெண்டையும் ஒண்டுக்காக ஒண்டு செய்த மாதிரி இருக்கும்.

ஃபூஜி எக்ஸ்-டி20 2017, 383 கிராம். ஷட்டர் வேகத்துக்கு மேல ஒரு வட்டம், எக்ஸ்போஷருக்கு இன்னொரு வட்டம், கையால திருப்பலாம், திருப்புறதிலயே ஒரு சுகம் இருக்கு. கிளாசிக் குரோம், ஏக்ரொஸ் எண்டு அவங்கட பிலிம் நிறங்கள் இருக்கிறபடியால எடுத்த ஜேபெக்கை அப்பிடியே பாவிக்கலாம், வேலை விட்டு வந்து லப்டொப்புக்கு முன்னால குந்த அலுப்பா இருக்கிற ஆக்களுக்கு அதுதான் பெரிய விசயம். 27 எம்எம் பான்கேக் லென்ஸ் 78 கிராம்தான். பிழை என்னெண்டா இங்க பாவிச்ச ஃபூஜி லென்ஸ் வாறது அருமை, வந்தாலும் விலை இறங்காது, நீங்கள் தேடுற லென்ஸ் எப்ப வரும் எண்டு காவல் இருக்கோணும். நான் மேல சொன்ன கட்சிப்படி ஃபூஜி தோக்கோணும். மனசு தோக்க விடுதில்ல.

லென்ஸ் கழட்டாத சின்னக் கமரா எண்டா ரெண்டு பேர்தான் எல்லாரும் சொல்லுவினம். ரிக்கோ ஜிஆர் 3, ஏபிஎஸ்-சி சென்சர், 28 எம்எம் பார்வை, 257 கிராம், சேர்ட் பொக்கற்றுக்குள்ள போகும், வியூஃபைண்டர் இல்ல, மத்தியான வெயிலில ஸ்கிரீன் தெரியாது. ஃபூஜி எக்ஸ்100விஐ 2024ல வந்து உலகம் முழுக்க வரிசையில நிண்டு வாங்கினவை, விட்ட விலையே 1599 டொலர். அந்தக் காசுக்கு இங்க எத்தினை லென்ஸ் வரும் எண்டு எண்ணிப்போட்டு நான் அடுத்த பந்திக்குப் போறன்.

பிலிம் வேணும் எண்டு நிக்கிற பொடியளுக்கு: யஷிக்கா எலெக்ட்ரோ 35, பென்டக்ஸ் கே1000, கெனன் ஏஇ-1 மாதிரிச் சாமான் பழைய வீடுகள்ல மாமாமார்ட அலுமாரிக்குள்ள இன்னும் கிடக்கு, காசு குடுத்து வாங்க முதல் சொந்தத்துக்குள்ள கேளுங்கோ. யஷிக்காவுக்கு அந்தக் காலத்து மேர்க்குரி பற்றரி, இப்ப அடப்டர் போட்டுத்தான் ஓட்டலாம். கே1000 மீட்டருக்கு மட்டும்தான் பற்றரி, இல்லாட்டியும் சுடும். கமரா மலிவு, ஆனா ஒவ்வொரு முறை அமத்தேக்கயும் காசு போகும், ரோலை ஃபிரிட்ஜில வைக்கோணும், எங்கட சூட்டில அது வெளியில கனகாலம் தாங்காது. முதல் கமராவா இதை வாங்காதேங்கோ, ரெண்டாவதா வாங்குங்கோ.

குருவி பாக்கிற ஆக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். கொழும்பு 2018ல ராம்சார் ஈரநிலப் பட்டணம் எண்டு பேரெடுத்த ஊர், பெத்தகான, தியசரு பூங்காக்கள், தலங்கம வாவி, பெல்லன்வில பக்கம் எண்டு பஸ்ஸில போற தூரத்தில மீன்கொத்தி, தாழைக்கோழி எல்லாம் நிக்கும், பேர வாவியில கூழைக்கடா வேற. அங்க ரெண்டு வழி. 200டியில பாவிச்ச இஎஃப்-எஸ் 55-250 எஸ்டிஎம் லென்ஸ், அது 400 எம்எம் அளவுக்கு வரும், படம் சுத்தம், ஆனா குருவி தூர நிண்டா சின்னன். இல்லாட்டி நிக்கொன் பி950, ஒரே லென்ஸில 24ல இருந்து 2000 எம்எம் மட்டும் போகும், ஒரு கிலோ பாரம், சென்சர் போன் மாதிரிக் குட்டி, விடிய ஆறரை மணி வெளிச்சத்தில படம் மாவாகிடும், ஒம்பது மணி வெயிலில அற்புதம். என்ன குருவி எண்டு கண்டுபிடிச்சுக் குறிச்சு வைக்கிறதுதான் ஆசை எண்டா பி950, குருவின்ட படம் வடிவா வேணும் எண்டா 55-250. நான் எண்டா 55-250தான்.

எதை வாங்கினாலும் கொழும்பில பங்கஸ் (பூஞ்சணம்) எண்ட எதிரி இருக்கு. கடல் காத்து, ஈரப்பதன் 80 வீதத்தில நிக்கும், லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளையாப் படர்ந்து கண்ணாடின்ட பூச்சையே தின்னும். பாவிச்ச லென்ஸ் பாக்கப் போறீங்கள் எண்டா போன் டோர்ச்சைப் பின்பக்கத்தால அடிச்சு, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, முன்பக்கத்தால சரிச்சுச் சரிச்சுப் பாருங்கோ. நூல் மாதிரித் தெரிஞ்சா எவ்வளவு மலிவெண்டாலும் எழும்பி வாங்கோ. தூசி ரெண்டு மூண்டு இருந்தா பரவாயில்ல, படத்தில தெரியாது. பொடிக்கு ஷட்டர் எத்தினை தரம் அடிச்சிருக்கெண்டு பாக்கோணும், நிக்கொன் எண்டா எடுத்த ஜேபெக் ஒண்டைக் கொண்டுவந்து எக்ஸிஃப் (படத்துக்குள்ளயே பதிஞ்சிருக்கிற விபரம்) பாத்தாலே தெரியும், கெனன் அவ்வளவு லேசில காட்டாது, கேபிளைக் குத்தி மென்பொருள் போட்டுத்தான் பாக்கலாம். இந்த ரகப் பொடிக்கு ஒரு லட்சம் அளவு ஆயுள் எண்டு வச்சுக்கொள்ளலாம், எண்பதாயிரம் ஓடினதை அரை விலைக்கு மேல வாங்காதேங்கோ. அபர்ச்சரைச் சின்னனாக்கி எஃப் 16ல வானத்தை ஒருக்கா எடுத்துப் பாத்தா சென்சரில இருக்கிற ஊத்தையும் வெளிச்சுப்போம். சந்திக்கிறது சனம் இருக்கிற இடமா இருக்கட்டும், யூனிட்டி பிளாசா வாசல், மஜெஸ்டிக் சிட்டி எண்டு.

வாங்கின பிறகு வைக்கிறதுக்கு, ட்ரை கபினற் வாங்கக் காசில்லாட்டி காத்துப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளுக்க ஒரு சின்ன ஈரப்பதன் மீட்டர். முள்ளு 40க்கும் 50க்கும் இடையில நிண்டாச் சரி. ஏசி அறையில இருந்து நேர வெளிய எடுத்தா லென்ஸ் வேர்க்கும், பதினைஞ்சு இருபது நிமிசம் பையைத் திறக்காமல் விடுங்கோ. காலிமுகத்திடலுக்குப் போட்டு வந்தா உப்புப் படிஞ்சிருக்கும், கொஞ்சம் ஈரமான துணியால பொடியைத் துடைச்சுப்போட்டுத்தான் பெட்டிக்குள்ள வைக்கோணும்.

சரி, கடைசியில ஆருக்கு எது. வீட்டில சின்னப் பிள்ளையள், வீடியோவும் வேணும், காசு ஓரளவுக்கு இருக்கு, பாவிச்ச சாமான் வாங்கப் பயம் எண்டா ஆர்50 எடுங்கோ, ஏஜென்ட் வொரண்டியா கடைக்காரன்ட வொரண்டியா எண்டு பில்லில எழுதி வாங்குங்கோ, ரெண்டும் ஒண்டில்ல, அதோட ஆறு மாசத்துக்குள்ள ஆர்எஃப் பிரைம் லென்ஸ் ஒண்டுக்குக் காசு சேருங்கோ, கிட் லென்ஸோட நிண்டீங்கள் எண்டா குடுத்த காசு வீண். தெருத் தெருவா நடக்கிற ஆள், கூச்ச சுபாவம், பாரம் தூக்க அலுப்பு எண்டா ஏ6000, அதிர்ஷ்டம் இருந்து லென்ஸோட சேத்து ஒண்டு மாட்டினா எக்ஸ்-டி20. மற்ற எல்லாருக்கும், குறிப்பா இப்பதான் தொடங்கிற, இது தனக்குப் பிடிக்குமா பிடிக்காதா எண்டே இன்னும் தெரியாத ஆளுக்கு, 200டியும் 24 எம்எம்மும். பிடிக்கேல்ல எண்டா ஒரு வருசம் கழிச்சு வித்தாலும் பெரிசா நட்டம் வராது, ஏனெண்டா இறங்கவேண்டிய விலையெல்லாம் உங்களுக்கு முதல் வச்சிருந்தவன்ட காலத்திலயே இறங்கி முடிஞ்சுது. கிட் லென்ஸோட சேத்துத்தான் தருவன் எண்டு விக்கிறவன் நிண்டா வாங்குங்கோ, வாங்கி அதைத் தனியா விளம்பரம் போட்டுடுங்கோ.